சபையின் நாட்காட்டி யார் கையில் இருக்கிறது?

நெடுவழி:

சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் நடைமுறைப்படுத்தும், நீதிமன்றம் விளக்கம் சொல்லும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது தவறில்லை. ஆனால் சில மாதங்களாக இந்த மோதல்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டு வந்ததில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சபையோடு உரசல் முற்றும்போது ஆட்சியில் இருப்பவர்கள் முதலில் கைவைக்கும் இடம் நாட்காட்டி. சபை எப்போது கூடும், எப்போது கலையும் என்பதை முடிவு செய்துவிட்டால் வாக்கெடுப்பில் தோற்கும் நிலையே வராது.

1629 மார்ச் 2-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். சபையை ஒத்திவைக்கச் சொல்லி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் உத்தரவு வந்துவிட்டது. சபாநாயகர் ஜான் ஃபின்ச் இருக்கையை விட்டு எழுந்தால் கூட்டம் முடிந்தது என்று பொருள். டென்சில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலன்டைன் என்ற இரண்டு உறுப்பினர்கள் அவரைப் பிடித்து இருக்கையிலேயே அழுத்தி உட்காரவைத்தார்கள். கதவை உள்ளே பூட்டினார்கள். வெளியே மன்னரின் ஆள் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே தீர்மானங்கள் நிறைவேறின. சபை ஒப்புக்கொள்ளாத வரியைக் கட்டுகிறவனும் நாட்டின் உரிமைக்குத் துரோகம் செய்தவன் என்பது அவற்றில் ஒன்று. அதன் பிறகு 11 ஆண்டுகள், 1640 வரை, மன்னர் சபையையே கூட்டவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2008 டிசம்பரில் கனடாவில் சிறுபான்மை அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும், பிரதமர் ஹார்ப்பர் ஆளுநர் நாயகத்தைச் சந்தித்து, அடுத்த ஜனவரி கடைசி வரை கூட்டத்தொடரை முடித்துவைத்துக்கொண்டார். 2018 அக்டோபரில் இலங்கையில் ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கிய மறுநாளே பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். நவம்பர் 9-ஆம் தேதி கலைத்தே விட்டார். 2019 செப்டம்பரில் பிரிட்டன், ஐந்து வாரம். மூன்று நாடு, மூன்று அரசியலமைப்பு, கைவைத்த இடம் ஒன்றுதான்.

நிர்வாகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் இடையிலான அதிகாரப் போட்டியில் மிகக் கூர்மையான ஆயுதம் இதுதான் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மழைக்காகிதம்:

பிரிட்டன் விஷயத்தில் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கூட்டத்தொடரை முடித்துவைக்க வந்த ஆணையர்கள் வெற்றுத்தாளை ஏந்திக்கொண்டு சபைக்குள் நுழைந்ததற்குச் சமம் என்றார்கள். அதாவது முடித்துவைப்பு செல்லாது என்பதோடு நிற்கவில்லை, முடித்துவைப்பு என்ற ஒன்று நடக்கவே இல்லை. மறுநாளே சபை கூடியது. அதை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அமெரிக்காவில் இந்த வழியை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டார்கள். அதிபரால் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுச் சட்டமன்றத்தைக் கலைக்க முடியாது. ஆண்டுதோறும் ஜனவரி 3-ஆம் தேதி நண்பகலில் அது தானாகக் கூடும், யாரும் அழைக்கத் தேவையில்லை. ஆனாலும் நாட்காட்டிச் சண்டை ஓயவில்லை. காங்கிரஸின் மேலவையான செனட் விடுமுறையில் இருக்கும்போது அதன் ஒப்புதல் இல்லாமலே அதிபர் தற்காலிகமாகப் பதவி நியமனம் செய்யலாம். அதைத் தடுக்க செனட் கண்டுபிடித்த வழி: மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே ஓர் உறுப்பினர் வெறிச்சோடிய அவைக்கு வருவார், சுத்தியலைத் தட்டுவார், அடுத்த தேதியை அறிவிப்பார், போய்விடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. 2012 ஜனவரியில் ஒபாமா இதைக் கணக்கில் எடுக்காமல் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று பேரை நியமித்தார். 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்த நியமனங்கள் செல்லாது என்றார்கள். சபை கூடியிருக்கிறதா இல்லையா என்பதைச் சபைதான் சொல்லவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

நெடுவழி நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறார். ஆனால் அடிப்படை வேறு என்று நினைக்கிறேன். சார்லஸ் 11 ஆண்டு கழித்து ஏன் சபையைக் கூட்டினார்? மனம் மாறியா? ஸ்காட்லாந்தோடு போர் வந்தது, கையில் காசில்லை. கப்பல் பணம் என்ற பெயரில் சபையைக் கேட்காமல் வசூலித்துப் பார்த்தார், அதுவும் போதவில்லை. நாட்காட்டியை அவரிடமிருந்து மீட்டது கஜானாதான்.

அதனால்தான் பல அரசியலமைப்புகளில் சட்டமன்றத்தின் ஒதுக்கீடு இல்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக்கூடாது என்ற விதி இருக்கிறது. நிர்வாகம் இதை இரண்டு பக்கமும் தாண்டப் பார்க்கும். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்வது ஒரு வழி. அமெரிக்க அதிபர் நிக்சன் செய்தது அது. தண்ணீர்த் தூய்மைக்குக் காங்கிரஸ் ஒதுக்கிய தொகையை முடக்கினார். அதற்குப் பதிலடியாக வந்ததுதான் 1974-ஆம் ஆண்டின் நிதி முடக்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். மறுத்த பணத்தை வேறு தலைப்பிலிருந்து எடுப்பது இன்னொரு வழி. 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். காங்கிரஸ் தரவில்லை. அரசு அலுவலகங்கள் 35 நாள் முடங்கின. கடைசியில் கிடைத்தது 137.5 கோடி. உடனே தேசிய அவசரநிலையை அறிவித்து, ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கியிருந்ததிலிருந்து 360 கோடியைத் திருப்பினார்.

இதற்குள் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1976-ஆம் ஆண்டின் அவசரநிலைச் சட்டப்படி இரு சபைகளும் தீர்மானம் போட்டாலே அவசரநிலை முடிந்துவிடும். அதிபர் கையெழுத்துத் தேவையில்லை. 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இப்படி அதிபரைத் தாண்டிச் செய்யும் சட்டமன்ற ரத்து செல்லாது என்றது. அதனால் சட்டத்தைத் திருத்தினார்கள், இப்போது அதிபரின் கையெழுத்தும் வேண்டும். 2019-இல் இரு சபைகளும் அவசரநிலையை ரத்து செய்யத் தீர்மானம் போட்டன, டிரம்ப் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தினார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 248-க்கு 181. பெரும்பான்மை இருந்தும் போதவில்லை. அதிகாரத்தைக் கொடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டு வேண்டும் என்ற நிலை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சுருக்கெழுத்தர்:

தம்பிகளே, ஒரு சட்டமன்றத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். எந்த மன்றம் என்று சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை சொல்கிற கஜானா அதிகாரம் சபையின் நடுவில் எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் கேட்கும் பணம், அதன் மீதான விவாதம் தொடங்கும். ஒவ்வொரு துறைக்கும் இத்தனை மணி நேரம் என்று அலுவல் ஆய்வுக் குழு ஒதுக்கும். இரண்டு மூன்று துறைகள் ஓடும். வெளிநடப்பு, அமளி, ஒத்திவைப்பு என்று நேரம் போகும். கடைசி நாள் குறித்த மணிக்கு விவாதம் எங்கே நிற்கிறதோ அங்கேயே வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கோரிக்கைகளை எல்லாம் வரிசையாக வாக்கெடுப்புக்கு விடுவார்கள். இதைக் கில்லட்டின் என்பார்கள். 'ஆம் என்போர்', 'இல்லை என்போர்', 'ஆம் என்போரே அதிகம், கோரிக்கை நிறைவேறியது'. ஒரு துறைக்குச் சில நொடி. என் குறிப்பேட்டில் ஒரே வாக்கியம், துறையின் பெயர் மட்டும் மாறும். நான் அந்த வாக்கியத்துக்குத் தனியாக ஒரு குறி வைத்திருந்தேன், அவ்வளவு முறை எழுதியிருக்கிறேன்.

ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர், சொந்தமாகத் தொழில் செய்தவர், ஒரு துறைக்குக் கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தார். மூன்று ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு, எங்கே பணம் செலவாகாமல் திரும்பியது என்று அட்டவணை போட்டு, நூல் கட்டிய ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தார். அந்தத் துறை கில்லட்டினில் போய்விட்டது. அவர் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதிவேட்டில் அவர் பேச்சு ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அவர் பேசவே இல்லை.

ஆக, நெடுவழி சொல்வதும் கணக்குப்பிள்ளை சொல்வதும் ஒன்றுதான். கஜானாவின் சாவி சபையிடம் இருக்கிறது, அதைத் திருப்புவதற்கான நேரம் அமைச்சரவையிடம் இருக்கிறது.

மழைக்காகிதம்:

ஐயா, நன்றி. இது ஒரு மன்றத்தின் கதை மட்டுமில்லை. 2023 மார்ச்சில் இந்திய மக்களவையில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறின.

தாழ்வாரம்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் யோசியுங்கள். சபைக்குக் கட்டுப்பாடில்லாத அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸின் நான்காம் குடியரசு சாட்சி. 1946 முதல் 1958 வரை 12 ஆண்டில் 20-க்கும் மேற்பட்ட அமைச்சரவைகள். ஓர் அமைச்சர் தன் துறையின் கோப்புகளைப் படித்து முடிப்பதற்குள் அரசு கவிழ்ந்துவிடும். அல்ஜீரியப் போர் நெருக்கடியில் அந்த அமைப்பே நொறுங்கிப் போனது.

அதைப் பார்த்துத்தான் 1958 அரசியலமைப்பில் 49-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை வைத்தார்கள். பிரதமர் ஒரு மசோதாவைத் தன் அரசின் பொறுப்பில் முன்வைத்தால் வாக்கெடுப்பே இல்லாமல் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். பிடிக்காவிட்டால் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அரசையே கவிழ்க்கட்டும். மசோதாவை எதிர்ப்பதோடு நிற்காமல், அதற்காக அரசைக் கவிழ்க்கவும் தயாரா என்று சபையைக் கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஜெர்மனி இன்னும் அழகாகச் செய்தது: அடுத்த பிரதமர் யார் என்று தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நீக்க முடியும். இந்த வழியில் ஆட்சி மாறியது ஒரே முறை, 1982 அக்டோபர் 1-ஆம் தேதி, ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தபோது. நிர்வாகம் என்றாலே சபையை ஏமாற்ற நிற்பது என்று பார்க்கவேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

ஒரு சிறு திருத்தம். 49-3-ஐ எந்த மசோதாவுக்கும் எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்ற நிலை இப்போது இல்லை. 2008 திருத்தத்துக்குப் பிறகு நிதி மசோதாக்களுக்கும் சமூகப் பாதுகாப்பு நிதி மசோதாக்களுக்கும் தடையில்லை, மற்றவற்றில் ஒரு கூட்டத்தொடருக்கு ஒன்று மட்டும். 2023 மார்ச்சில் ஓய்வூதிய வயதை உயர்த்தும் மசோதாவை இப்படித்தான் கொண்டுபோனார்கள். கவிழ்க்க 287 வாக்கு வேண்டும், கிடைத்தது 278. 2024 டிசம்பரில் பிரதமர் பார்னியேயின் அரசு இதே பிரிவைப் பயன்படுத்தி, 331 வாக்குகளில் கவிழ்ந்தது. 1962-க்குப் பிறகு பிரான்ஸில் கவிழ்ந்த முதல் அரசு அது.

நெடுவழி:

தாழ்வாரம், உங்கள் வாதத்தை மதிக்கிறேன். அரசு நிலையாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நீங்கள் சொன்ன இரண்டு ஏற்பாட்டிலும் சபை கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 49-3 சபைக்கு முன்னால் நின்று சவால் விடுகிறது, தோற்றால் வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறது. எனக்குப் பயம் வருவது சபை இல்லாத நேரத்தில் ஆளும் முறையைப் பார்த்துத்தான்.

ஜெர்மனியிலேயே அதற்கான பாடமும் இருக்கிறது. ஹிட்லருக்கு முந்தைய குடியரசின் வைமார் அரசியலமைப்பில் 48-ஆம் பிரிவு அவசர ஆணைக்கு இடம் கொடுத்தது, ஆனால் சபை கேட்டால் ஆணையைத் திரும்பப் பெறவேண்டும் என்ற காவலும் இருந்தது. 1930 ஜூலையில் பிரதமர் புரூனிங்கின் அரசு கொண்டுவந்த நிதி மசோதாவைச் சபை தோற்கடித்தது. அதையே அவசர ஆணையாகப் போட்டார்கள். சபை தன் உரிமைப்படி ஜூலை 18-ஆம் தேதி அந்த ஆணையையும் ரத்து செய்தது. அன்றைக்கே சபையைக் கலைத்துவிட்டார்கள். சபை இல்லாத இடைவெளியில் அந்த ஆணைகள் மறுபடி வந்தன. செப்டம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடத்திலிருந்து 107-க்குத் தாவியது. காவல் விதி எழுத்தில் சரியாகத்தான் இருந்தது. கலைக்கும் அதிகாரம் அதே கையில் இருந்ததால் அந்த விதியால் எந்தப் பயனும் இல்லாமல் போனது.

ஏழாம் பக்கம்:

எல்லாம் சரி, ஆனால் நாடாளுமன்ற முறையில் 'சபை', 'அரசு' என்று இரண்டு தனி ஆட்கள் இருப்பதுபோல் பேசுவதே எனக்கு உறுத்துகிறது. அமைச்சரவை பெரும்பான்மைக் கட்சியிலிருந்து வருகிறது. கொறடா கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார்கள். அப்படி இருக்கும்போது சபை எந்தத் தேதியில் கூடினால் என்ன?

இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பணத்துக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்தது, நோக்கம் நல்லது. ஆனால் கொறடா உத்தரவை மீறி ஒரு சாதாரண மசோதாவில் வாக்களித்தாலும் பதவி போகலாம். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி கேட்டு பிரிட்டன் பிரதமர் கேமரன் மக்களவைக்கு வந்தார். அவர் கட்சியைச் சேர்ந்தவர்களே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். 272-க்கு 285 என்று தீர்மானம் தோற்றது. சபையின் கருத்து புரிகிறது, அதன்படி நடப்பேன் என்று பிரதமர் அங்கேயே சொன்னார். அரசு கவிழவில்லை, எதிர்த்தவர்கள் பதவி இழக்கவுமில்லை, போர் நடவடிக்கை மட்டும் நின்றது. சொந்தக் கட்சிக்காரன் 'இது மட்டும் வேண்டாம்' என்று சொல்ல முடிகிற சபைதான் சபை.

சுருக்கெழுத்தர்:

ஏழாம் பக்கம் தம்பி சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் 'எந்தத் தேதியில் கூடினால் என்ன' என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சபைக்குள் வாயைத் திறக்காவிட்டாலும் தாழ்வாரத்தில் பேசுவார்கள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் அமைச்சர் அவர்களைச் சந்தித்தே ஆகவேண்டும். கேள்வி நேரத்துக்கு முந்தைய இரவு அதிகாரிகள் வீட்டுக்குப் போகாமல் பதில் தயாரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துணைக் கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியாது, அந்தப் பயமே பல கோப்புகளை நகர்த்தும். கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் அதே அலுவலகங்களில் அமைதி வந்துவிடும்.

மழைக்காகிதம்:

தேதிக்கு எவ்வளவு விலை என்பதற்கு 2024 டிசம்பர் 3 இரவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தென்கொரிய அதிபர் யூன் இரவு பத்தரை மணி அளவில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அந்த ஆணையின் முதல் வரியே தேசிய சபையின் செயல்பாட்டைத் தடை செய்தது. ஆனால் அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவு, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை கேட்டால் ராணுவச் சட்டத்தை நீக்கவேண்டும் என்கிறது. 300 பேர் கொண்ட சபையில் 151 பேர் உள்ளே போய்ச் சேரவேண்டும். வாசலை மறித்துவிட்டார்கள். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள். 67 வயதுச் சபாநாயகர் வூ வோன்-ஷிக்கும் மதில் ஏறினார். ஹெலிகாப்டரில் வந்த வீரர்கள் ஜன்னலை உடைத்து உள்ளே நுழைய, ஊழியர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி வழியை மறித்தார்கள், தீயணைப்புக் குடுவைகளைப் பீய்ச்சினார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில் வாக்கெடுப்பு: 190-க்குப் பூஜ்யம். அதிபரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களும் அந்த 190-இல் இருந்தார்கள், ஏழாம் பக்கம் இதைக் கவனிக்கவேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது.

1629-இல் சபாநாயகரை உறுப்பினர்கள் இருக்கையோடு பிடித்துவைத்தார்கள். 2024-இல் சபாநாயகரே மதிலேறி வந்து இருக்கையில் உட்கார்ந்தார்.

தாழ்வாரம்:

அந்த இரவைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு வாதமில்லை. என் கட்சியும் அங்கே மதிலேறியவர்கள் கட்சிதான். ஆனால் நாள்தோறும் நடக்கும் ஆட்சிக்கு அவசரச் சட்டம் போன்ற ஓர் ஏற்பாடு தேவை. சபை இல்லாதபோது வெள்ளம் வந்தால், வங்கி சரிந்தால் என்ன செய்வது?

நெடுவழி:

தேவைதான். அதற்கு எல்லையும் இருக்கிறது. இந்தியாவில் அவசரச் சட்டம் சபை மறுபடி கூடி ஆறு வாரத்தில் காலாவதியாகும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கூட்டிப் பார்த்தால் அதிகபட்சம் ஏழரை மாதம்.

ஆனால் பீகாரில் நடந்ததைப் பாருங்கள். புனேயைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா அரசிதழ்களை உட்கார்ந்து புரட்டினார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். காலாவதியாகும் நேரத்தில் சபையை முடித்துவைத்துவிட்டு, அதே சட்டத்தை மறுபடி பிறப்பிப்பார்கள். சில அவசரச் சட்டங்கள் இப்படி ஏறக்குறைய 14 ஆண்டுகள் உயிரோடு இருந்தன. சபை இடையிடையே கூடிக்கொண்டுதான் இருந்தது, அதன் முன் மசோதாவாக வைக்கவில்லை. வாத்வா வழக்குப் போட்டார். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்து, அவசரச் சட்டத்தைச் சபை முன் வைப்பது கட்டாயம் என்றும் சொன்னது. வழக்கறிஞர் அல்லாத ஒருவர் தேதிகளை வரிசைப்படுத்தியதால் வெளிவந்தது இது.

கணக்குப்பிள்ளை:

அப்படியென்றால் நாட்காட்டியை யாரிடம் கொடுக்கலாம் என்கிறீர்கள்? சபாநாயகரிடமா? அவரும் பெரும்பான்மைக் கட்சிக்காரர்தான்.

நெடுவழி:

உறுப்பினர்களில் ஒரு பங்கினரிடம். ஜெர்மனியில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் சபாநாயகர் சபையைக் கூட்டியே ஆகவேண்டும். தென்கொரியாவில் நான்கில் ஒரு பங்கு போதும். பிரான்ஸில் பெரும்பான்மை வேண்டும் என்று வைத்தார்கள், அது எவ்வளவு பலவீனம் என்று 1960-லேயே தெரிந்துவிட்டது: விவசாயப் பிரச்சினைக்காகப் பெரும்பான்மை உறுப்பினர்கள் சிறப்புக் கூட்டம் கேட்டும் அதிபர் டி கோல் மறுத்துவிட்டார். எண்ணிக்கை குறைவாக இருக்கவேண்டும், மறுக்க யாருக்கும் இடம் இருக்கக்கூடாது.

சுருக்கெழுத்தர்:

இந்தியாவிலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது தம்பி, பலருக்குத் தெரியாது. நெருக்கடிநிலை அனுபவத்துக்குப் பிறகு 1978-இல் 44-ஆம் திருத்தத்தில் வைத்தார்கள். 352-ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவு. நெருக்கடிநிலை அமலில் இருக்கும்போது மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டால், 14 நாளுக்குள் சிறப்பு அமர்வு நடந்தாகவேண்டும். சபை கூட்டத்தொடரில் இருந்தால் சபாநாயகரிடம் கொடுக்கலாம், இல்லாவிட்டால் குடியரசுத் தலைவரிடம்.

நெடுவழி:

ஐயா, இதை நான் கவனித்ததே இல்லை. இப்போதுதான் எடுத்துப் படித்தேன். நெருக்கடிநிலைக்கு இப்படி ஒரு கதவு வைக்க முடிந்ததென்றால், 123-ஆம் பிரிவில் அவசரச் சட்டத்துக்கும் இதே பத்தில் ஒரு பங்கு, இதே 14 நாள் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளத்துக்குப் போட்ட அவசரச் சட்டத்தை யாரும் கூட்டம் போட்டு எதிர்க்கப்போவதில்லை, தாழ்வாரத்தின் கவலைக்கும் அதில் இடம் இருக்கிறது.

தாழ்வாரம்:

14 நாளை 30 ஆக்குங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.